தோரணம் உதிரும் வரை

பழனாயி எக்ஸ்போர்ட்ஸில் மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட ஒரு முறை இருந்தது. சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே நின்று, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, "மெக்கானீ...க்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். வீரபாண்டியில் இந்தப் பனியன் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இதில் ஒரு மாற்றமும் கிடையாது. மெஷின் ஜப்பானிலிருந்து வந்தது. தைத்த சரக்கு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. கூப்பிடும் முறை மட்டும் காட்டில் மாடு மேய்க்கிறவர்கள் கண்டுபிடித்தபடியே இருந்தது.

மூன்றாவது லைன் சூப்பர்வைசர் ஆஷாவுக்கு அதனால் நாள் முழுக்கத் தொண்டைதான் வேலை. தையல் ஹாலில் மெஷின் சத்தம் ஒரு பக்கம். அதை மறக்க ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு இன்னொரு பக்கம். பாட்டு ஓடினால்தான் டைலர்களுக்குக் கை ஓடும் என்பது முதலாளி தனபாலின் நம்பிக்கை, ஆகவே அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டையும் தாண்டி ஆஷாவின் குரல், ஹாலின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் முனீஸின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"ஏல முனீஸு, எவ்வளவு நேரமா கூப்பிடுதேன்! காது என்ன ஊருக்குப் போயிருக்கா?"

"கேக்கலக்கா."

முனீஸ் கமுதிப் பக்கத்து ஆள். அவன் சொல்வதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, நிஜம் என்று நம்பவும் முடியாது. காது கேட்காமல் இருப்பதுதான் அவனுக்கு அந்த வேலையில் கிடைத்த ஒரே ஓய்வு.

ஆஷா நாசரேத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். கம்பெனியில் கத்துவதற்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதற்கும் அவளிடம் இருந்தது ஒரே தொண்டை. பாடகர் குழுவில் வருஷக்கணக்காகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவளுக்கு, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் தனியாகப் பாட ஒரு பாட்டு கிடைத்திருந்தது. மரியாள் குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. சமையல்கட்டில் பாடினாள், குளிக்கும்போது பாடினாள், பஸ்ஸில் வாய்க்குள்ளேயே பாடினாள். அந்தச் சந்தோஷத்தில்தான் தொண்டை கரகரவென்று இருப்பதைக் காட்ட டாக்டரிடம் போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க கத்துறதை இதோட நிறுத்தணும். இல்லேன்னா பாட்டை மறந்துட வேண்டியதுதான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆஷா நன்றாக அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. லைனில் ஒரு சுவிட்ச். முனீஸ் கண்ணெதிரே ஒரு சிவப்பு பல்பு. இங்கே அமுக்கினால் அங்கே எரியும். வீட்டு வாசலில் காலிங் பெல் வைத்திருக்கிற யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். பெல்லடித்தால் பாட்டுச் சத்தத்தில் கேட்காது, அதனால் பல்பு.

போன வருஷம் போய்ச் சொல்லியிருந்தால் தனபால் "மாட்டிக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். ஆஷாவின் நேரம், அந்த மாதம்தான் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஒருவர் வந்து, "உங்கள் கம்பெனியில் புதுமைகளுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டிருந்தார். "இருக்குதுங்களே!" என்றார் தனபால். இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்பதால், வந்தவர் பிளேன் ஏறுவதற்குள் உண்டாக்கிவிட்டார்.

கழித்த பனியன்களைக் கட்டிப்போட்டிருந்த அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, 'புத்தாக்க மையம்' என்று எழுதினார்கள். தலைவராக வெள்ளியங்கிரி என்பவர் வந்தார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு கோப்பைக்கூட அவசரப்பட்டு நகர்த்தியதில்லை என்று பேர் வாங்கியவர். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அவர் பேசினார்.

"புதுமைக்கு முக்கியம் பொறுமைங்க. என்னைப் பாருங்க. என்ற சர்வீஸ் பூராவும் நான் ஒரு தப்பான முடிவு எடுத்ததில்லீங்க. ஏன்னா, நான் முடிவே எடுத்ததில்லீங்க!"

ஹால் முழுக்கக் கைதட்டியது. பாட்டை நிறுத்தி வைத்திருந்ததால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

மையத்துக்கு வந்த முதல் யோசனை ஆஷாவுடையது. அதற்காகவே ஒரு விழா எடுத்து, அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ பிடித்தார்கள். பொன்னாடை நல்ல மெரூன் கலர். ஆஷாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பல்பு எப்போது மாட்டுவார்கள் என்று கேட்கவே அவளுக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

"ரொம்ப நல்ல ரோசனைங்க அம்மிணி," என்றார் வெள்ளியங்கிரி. "இத்தனை நல்ல ரோசனையை அவசரப்பட்டு மாட்டிக் கெடுத்தறக் கூடாதுங்க. மொதல்ல பிரச்சினையோட வேர் எங்கன்னு பாக்கோணும்."

வேரைப் பார்க்கக் கமிட்டி உட்கார்ந்தது. முறுக்கும் டீயும் போயின. ஆஷா கூப்பிடுகிறாள், முனீஸுக்குக் கேட்பதில்லை, ஆகவே வேர் முனீஸின் காதில் இருக்கிறது என்று கமிட்டி கண்டுபிடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்து 'கூர்ந்து கேட்டல்' வகுப்பு ஆரம்பித்தார்கள். ஏசி ரூமில் முனீஸ் கண்ணை மூடிக்கொண்டு ரிக்கார்டு செய்த குயில் சத்தத்தைக் கேட்டான், பிறகு மழைச் சத்தத்தைக் கேட்டான். மழைச் சத்தத்தில் தூங்கியும் போனான். அந்த நேரத்தில் ஹாலில் ஒரு மெஷின் நின்றால் கத்தினாலும் வருவதற்கு ஆள் கிடையாது.

"ஏனுங் ஆஷா, மெக்கானிக் எங்கீங்க?" என்று கேட்டாள் பிளாட்லாக் மெஷின் ஓட்டும் ரங்காத்தாள்.

"காது கேக்கப் படிக்கப் போயிருக்கான்."

வகுப்பு முடிந்ததும் முனீஸுக்குச் சான்றிதழ் கொடுத்து, சட்டம் போட்டு அவன் பெஞ்சுக்கு மேலேயே மாட்டினார்கள். அங்கேதான் அவனுக்கு வினை. சான்றிதழ் வாங்கிய காது எப்படிக் கேட்காமல் போகும்? 'கேக்கலக்கா' என்று இனி அவனால் சொல்ல முடியாது. சொன்னால் பயிற்சி போதவில்லை என்று மறுபடி குயில். மறுபடி மழை. மூன்றாவது தடவை குயில் கேட்டுவிட்டு வந்த முனீஸ் நேராக ஆஷாவிடம் வந்தான்.

"யக்கா, அந்த பல்பை எப்பக்கா மாட்டுவாய்ங்க? குயிலைப் பாத்தாலே கல்லை எடுக்கத் தோணுது."

அடுத்ததாக மையம் டைலர்கள் பக்கம் திரும்பியது. மெஷின் நின்றதும் அவர்கள் பதறுகிறார்கள், பதறுவதால்தான் சூப்பர்வைசர் கத்த நேர்கிறது என்றது கமிட்டி. எனவே மெஷின் நின்றால் டைலர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, 'இந்த மெஷினும் ஒருநாள் ஓடும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடானது. ரங்காத்தாள் இதில் எல்லோரையும் முந்தினாள். அவள் கண்ணை மூடினால் மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் திறப்பதில்லை. அவளுக்குப் 'பொறுமைத் திலகம்' பட்டம் கொடுத்து ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியும் கொடுத்தார்கள்.

ஆஷா திங்கட்கிழமைதோறும் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். விடுகிற ஆளில்லை அவள். போகப்போக அவளே போய் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு கதவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலி பழகிவிட்டது. ஒவ்வொரு திங்களும் அவள் குரல் இன்னும் கொஞ்சம் கம்மியிருக்கும்.

"சார், பல்பு..."

"பல்புங்கறது பழைய காலத்துச் சாமானுங்க அம்மிணி," என்றார் வெள்ளியங்கிரி ஒரு திங்கட்கிழமை, முகமெல்லாம் சிரிப்பாக. "உங்க ரோசனையை நாம எங்கியோ கொண்டுபோயிட்டமுங்க. ஆப்! பேரு என்ன வெச்சிருக்கறோம் தெரியுங்களா? 'குரல்'!"

'குரல்' நல்ல ஆப்தான். டைலர் தன் செல்போனில் பொத்தானைத் தொட்டால் போதும், மெக்கானிக்கின் செல்போன் அந்த நொடியே கிணுகிணுக்கும். ஒரே ஒரு விஷயம் கமிட்டியில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பழனாயி எக்ஸ்போர்ட்ஸில் செல்போனோடு யாரும் ஹாலுக்குள் நுழைய முடியாது. காலையில் கேட்டில் செக்யூரிட்டி வீரணனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அத்தனையையும் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். மெக்கானிக்கின் போனையும் சேர்த்துத்தான்.

தொடங்கி வைத்த அன்றைக்கு ரங்காத்தாளின் மெஷின் நின்றது. அவள் எழுந்து, ஹாலைக் கடந்து, படியிறங்கி, கேட்டுக்குப் போய், பீரோவைத் திறக்கச் சொல்லித் தன் போனை வாங்கி, பொத்தானைத் தொட்டாள். அதே பீரோவுக்குள், பக்கத்துத் தட்டிலேயே முனீஸின் போன் அழகாகக் கிணுகிணுத்தது. வீரணன் அதை எடுத்துக் காதில் வைத்து, "அவுக இங்க இல்ல" என்றார். எதிரில் நின்ற ரங்காத்தாள் தன் போனில், "சரிங்க, வந்தா சொல்லுங்க" என்றாள். இருவரும் போனை வைத்தார்கள்.

அழைப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததாக மையம் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதற்குப் பிறகு பீரோ கிணுகிணுக்கும் போதெல்லாம் வீரணன் மாடிக்கு ஓடி வந்து முனீஸின் தோளைத் தட்டினார். நான்கு நாளில் முழங்கால் வீங்கிவிட்டது. "எம்மா ஆஷா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், நீ பழையபடி கத்து ஆத்தா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆஷாவும் பாவம் பார்த்துக் கத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் தாலாட்டின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவள் குரல் உடைந்து, வெறும் காற்று வந்தது. பாடகர் குழுத் தலைவர் நல்ல மனுஷன். பாட்டு முடிந்த பிறகு மெதுவாக, "டிசம்பர் வரைக்கும் பாப்போம்மா. சரியாகலைன்னா வேற யாருக்காவது கொடுத்துருவோம்" என்றார். ஆஷா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பல்பு! பெட்டிக்கடையில் தொங்குகிற ஒரு பல்பு!

அப்போது ஆயுத பூஜை வந்தது.

பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? தையல் மெஷின் பூட்டிய பவர் டேபிளிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். வாசலில் வாழைமரம். உள்ளே கலர் கலராக சீரியல் லைட். வருஷாவருஷம் மூன்றாவது லைன் அலங்காரத்துக்கு ஆஷாதான் பொறுப்பு. அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதை அன்றைக்கு யாரும் நினைப்பதில்லை, அவளும் நினைப்பதில்லை. பொரிகடலையில் இரண்டு பங்கு வாங்கிக்கொள்வாள்.

அலங்காரத்துக்கு எந்தக் கமிட்டியிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இது ஆஷாவுக்கு ஏணி மேல் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முனீஸைக் குனிந்து பார்த்தாள்.

"ஏல, சீரியல் லைட்டோட ஒரு செவப்பு பல்பும் தொங்குனா சாமி வேண்டாம்னா சொல்லும்?"

முனீஸின் முகம் மலர்ந்தது. "சுவிட்சுக்குச் சந்தனம் வச்சிரலாம்க்கா."

இன்னொரு விஷயமும் அவளுக்குத் தெரியும். தனபாலின் தாயார் பழனாயி அம்மாள் காலத்திலிருந்து கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்குக் கட்டியதைக் கையால் அவிழ்க்கக் கூடாது. மாவிலைத் தோரணம் காய்ந்து தானாக உதிர வேண்டும். எல்லா லைன் தோரணமும் உதிர்ந்த பிறகுதான் மற்ற அலங்காரங்களைக் கழற்றலாம். சாதாரணமாகத் தீபாவளிக்குள் உதிர்ந்துவிடும். சாயங்காலம் ஆஷா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் மூன்றாவது லைனுக்கு வேண்டிய தோரணத்தைத் தானே பார்த்து வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் மாவிலை. நல்ல கெட்டிச் சரக்கு.

பூஜையன்று தனபால் கற்பூரத் தட்டோடு லைன் லைனாக வந்தார். மூன்றாவது லைனில் நின்று, சந்தனம் வைத்த சுவிட்சைப் பார்த்தார்.

"இதென்னுங்க ஆஷா?"

"அமுக்கிப் பாருங்க சார்."

அமுக்கினார். ஹாலின் மறுகோடியில் சான்றிதழுக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்தது. முனீஸ் ஸ்பேனரும் கையுமாக ஓடி வந்து நின்றான். தனபால் மறுபடி அமுக்கினார். போன முனீஸ் திரும்பி வந்தான். முதலாளிக்குக் குழந்தை போலச் சிரிப்பு வந்துவிட்டது. கற்பூரத்தைச் சுவிட்சுக்கும் ஒருமுறை காட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் மூன்றாவது லைனில் யாரும் கத்தவில்லை. பார்த்துவிட்டு மற்ற லைன்காரர்களும் தங்கள் அலங்காரத்தில் ஒவ்வொரு பல்பைச் சேர்த்துக்கொண்டார்கள். பல்பு எரியும்போதெல்லாம் முனீஸும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான், ஆனால் குயில் கிடையாது. ஆஷா பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தாள். நவம்பர் கடைசியில் மேல் ஸ்தாயி மெல்லத் திரும்பி வந்தது. தீபாவளிக்கு மற்ற லைன்களின் தோரணமெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. மூன்றாவது லைனில் ஒரு இலை கூட வாடவில்லை.

டிசம்பர் பிறந்ததும் வெள்ளியங்கிரி வேகவேகமாக ஹாலுக்கு வந்தார். அவர் வேகமாக நடந்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"அம்மிணி, நல்ல சேதிங்க! உங்க பல்புக்குக் கமிட்டி அனுமதி கொடுத்தாச்சுங்க!"

"ரொம்ப சந்தோஷம் சார். பல்புதான் எரிஞ்சிட்டு இருக்கே."

"அதாங்க சங்கடம். இதெல்லாம் அனுமதி இல்லாத பல்பு. இதைக் கழட்டினாத்தானே அனுமதி உள்ள பல்பை மாட்ட முடியும்? மொதல்ல பல்பு இல்லாம மூணு மாசம் ஓட்டிப் பாக்கோணும். அப்பத்தான் பல்பு வந்த பொறவு என்ன வித்தியாசம்னு தெரியும். சித்த பொறுங்க அம்மிணி, பங்குனிக்கெல்லாம் ஜம்முனு மாட்டிறலாம்."

கேரல் ஆராதனைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஷிப்மெண்ட் நெருக்கடி வேறு. இப்போது பல்பைக் கழற்றினால் அவள் தொண்டை இரண்டே நாளில் போய்விடும். ஏணியோடு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டுத் தனபாலும் வந்தார்.

"கழட்டட்டும் சார்," என்றாள் ஆஷா. "ஆனா இது பூஜைக்குக் கட்டுனது. தோரணம் இன்னும் உதிரல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தனபால் ஏணியில் இரண்டு படி ஏறினார். ஒரு இலையைப் பிடித்துத் தடவினார். கட்டை விரலால் இன்னொரு தரம் தடவினார். அவர் திரும்பி மூன்றாவது லைனைப் பார்த்தார். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் பச்சையாத்தான் இருக்குதுங்க," என்று இறங்கினார் தனபால். "பாருங்க வெள்ளியங்கிரிண்ணா, புதுமைங்கறது நமக்கு உசுரு. ஆனா எங்கம்மா வெச்ச வழக்கத்தை மாத்த முடியாதுங்க. தோரணம் தானா உதிரட்டும். அதுவரைக்கும் பொறுமையா இருங்க. பொறுமையைப் பத்தி உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா?"

வெள்ளியங்கிரி பொறுமையாக இருந்தார். காலையில் வந்ததும் தோரணத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை பார்ப்பார். ஒருநாள் ஃபேனைத் தோரணத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல், தோரணம் சீக்கிரம் உதிர்வதற்கு ஒரு வழி யோசித்து எழுதி, தன் மையத்தின் யோசனைப் பெட்டியிலேயே போட்டார். யோசனை சொன்னவரே கமிட்டியில் உட்கார முடியாது என்பது அவரே வகுத்த விதி. ஆகவே கமிட்டி அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, பிரச்சினையின் வேரைக் கண்டுபிடிக்கும் வரை வெளியே காத்திருக்கச் சொன்னது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆஷாவின் பழைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

கேரல் ஆராதனை அன்று சர்ச்சில் நிற்க இடமில்லை. ரங்காத்தாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீரணன் காலை நீட்டிக்கொள்ள வசதியாக ஓரத்து இடம் பிடித்திருந்தார். முனீஸ் தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டான். மற்றவர்கள் பாடி முடித்து உட்கார, ஆஷா மட்டும் நின்றாள். மெஷின் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. தாலாட்டை அவள் சின்னக் குரலில், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலத்தான் ஆரம்பித்தாள். மேல் ஸ்தாயி வந்தது. குரல் தடுமாறாமல் ஏறி, அங்கே நின்று, பத்திரமாக இறங்கி வந்தது. அவளுக்கே கண்ணில் நீர் கட்டிவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் கேக் வாங்கிக்கொண்டிருந்தபோது முனீஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"என்னல, லேட்டா வந்தியே? பாட்டு கேட்டியா?"

முனீஸ் தலையைச் சொறிந்தான்.

"கேட்டுச்சுக்கா," என்றான். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."